மணிலா பார்த்த தொண்ணூற்றாறு பேர்

பாக்கியம் கொல்லைப் படலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். தலையில் சும்மாடு, கையில் களைக்கொத்து. அவளுக்குப் பின்னால் எங்கள் மணிலாப் பயிருக்கு, அதாவது வேர்க்கடலைக்கு, களை எடுக்க வந்த நான்கு பெண்கள். படலுக்கு இந்தப் பக்கம் என் நாய்க்குட்டி, முதுகு மயிரெல்லாம் எழும்பி, தன் உடம்பைவிடப் பெரிய குரலில் குரைத்துக்கொண்டிருந்தது.

மாசி மாதத்துக் காலை. முன்வாசலில் புழுங்கல் நெல் காயப்போட்டிருந்ததால் அன்றைக்குத்தான் முதல் முறையாகக் குட்டியைக் கொல்லைப் பக்கம் அழைத்து வந்திருந்தேன். அதற்குத் தீனியாகக் கோழி ஈரல் துண்டுகள் என் முந்தானையில் முடிந்திருந்தன. அதை அவிழ்க்கக்கூடத் தோன்றாமல் நான் நின்றேன்.

மற்ற நான்கு பேரும் பின்வாங்கினார்கள். பாக்கியம் நகரவில்லை, கத்தவும் இல்லை. மெதுவாகக் குனிந்து, புடவையை இடது கெண்டைக்கால் வரை தூக்கிக் காட்டினாள். நாலு பல் பதிந்து, சதை இழுத்துக்கொண்டு ஆறிய தழும்பு. வருஷக்கணக்காக அவள் வயலில் புடவையைத் தூக்கிச் செருகும்போதெல்லாம் என் கண்ணில் பட்டதுதான்.

“இத்த வெச்சுக்கினு இருவத்தாறு வருசமா இந்தப் படலுக்கு வந்துக்கினு கீறேன். இன்னொண்ணு எனக்குத் தாங்காதும்மா. இன்னிக்கு ஒத்துக்கின வேலய முடிச்சுட்றேன். நாளைலருந்து நான் வர்ல.”

கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். எனக்கு வாய் நீளம் என்பது இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அவள் தண்ணீர் கேட்கிற குரலில் சொன்னாள். சொல்லிவிட்டு வேலி ஓரமாகவே சுற்றிக்கொண்டு வயலுக்குப் போய்விட்டாள். சாயங்காலம் வீட்டுப் பக்கம் வராமலே தன் தெருவுக்குத் திரும்பிவிட்டாள்.

அந்தச் சத்தம் கேட்டுப் பல் குச்சியோடு ஓடி வந்த என் வீட்டுக்காரர் குட்டியைப் பார்த்து, “இப்பத்தான் இது நாயி மாரி கீது” என்றார்.

ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். அரை நொடி எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ராஜா என்று ஒரு நாய்

மூன்று வாரங்களுக்கு முன்பு என் மாமனாரைப் பற்றி எழுதியபோது அவருடைய நாய் ராஜாவை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டேன். ராஜா ஒரு வரிக்கான நாய் இல்லை.

எங்கள் பக்கத்தில் காவல் நாய் வளர்ப்பதற்கு ஒரு முறை உண்டு. பெருநகர் என்கிற ஊரிலிருந்து உத்திரமேரூர் வரைக்கும் நிலம் வைத்திருக்கிற வீடுகளில் கேட்டால் எல்லோரும் அதையேதான் சொல்வார்கள். குட்டி கண் திறந்து தாய்ப்பால் மறந்ததும் பம்ப்செட் கொட்டாயில் கட்டிவிட வேண்டும். சோறு போடுகிற ஒருவரைத் தவிர வேறு ஆள் முகமே அதற்குக் காட்டக்கூடாது. சோற்றில் பச்சை மிளகாயைக் கசக்கிப் போட வேண்டும். முகம் பார்க்காத குட்டிக்குத்தான் ரோஷம் வரும் என்பார் மாமனார்.

ராஜாவுக்கு ரோஷம் வந்தது. அதோடு இரண்டு அடிச் சங்கிலியும், கழுத்தில் ஆறாத புண்ணும், இரவெல்லாம் ஊளையும் வந்தன. நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில் அந்தக் கொட்டாய்ப் பக்கமே போகமாட்டேன். சோறு போடும் மாமனாரின் கையையே அது இரண்டு முறை கவ்வியிருக்கிறது. அதையும் அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார்.

ஒரு நாள் சங்கிலி அறுந்தது. பாக்கியம் அப்போதுதான் எங்கள் வயலில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். புல்லுக்கட்டோடு படலைத் திறந்தவளின் காலை ராஜா பிடித்தது. தடியால் அடித்துப் பிரித்தார்கள். புண்ணில் மிளகாய்த்தூளை அப்பினார்கள். மாமனார் வந்து பார்த்துவிட்டு, நல்ல நாய், ஆளைத் தெரிந்து பிடிக்கிறது என்றார்.

மறுநாள் பாக்கியம் பஸ் ஏறி உத்திரமேரூருக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போனாள். அப்போதெல்லாம் வயிற்றைச் சுற்றிப் பல நாள் போடுவார்கள். அத்தனை நாளும் தனியாகத்தான் போய்வந்தாள். எங்கள் வீட்டிலிருந்து கூட யாரும் போகவில்லை. நானும்தான். அப்போது எனக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை.

பொட்டைக் குட்டி

எங்கள் ஒரே மகள் தேன்மொழி சென்னையில் வேலை பார்க்கிறாள். என்ன வேலை என்று கேட்கிற உறவுக்காரர்களிடம் அவள் அப்பா ‘ஆபீஸ்’ என்று சொல்லி வைத்திருக்கிறார். உண்மையில் அவள் நாய்களைப் பழக்குகிற ஓர் இடத்தில் இருக்கிறாள். பி.காம். படித்த பெண் நாய்க்கு டியூஷன் எடுக்கிறாள் என்று சொன்னால் நம்மை என்ன நினைப்பார்கள் என்பது அவர் கவலை.

பொங்கலுக்கு வந்தவள் வெறுங்கையோடு வரவில்லை. பெருநகர் பஸ் நிறுத்தத்தில் டீக்கடைக்குப் பின்னால் ஒரு நாட்டு நாய் குட்டி போட்டிருந்ததாம். கடுவன் குட்டிகளையெல்லாம் ஆளுக்கொன்றாகத் தூக்கிப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்த பொட்டைக் குட்டியைத் துப்பட்டாவில் சுற்றிக் கொண்டு வந்துவிட்டாள். மணிலாக்கொட்டை ஓட்டின் நிறம். அதனால் மணிலா.

“பொட்டை நாயி வூட்டுக்கு ஆவாது. வருசம் ரெண்டு தபா குட்டி போட்டு பேஜார் பண்ணும்” என்றார் அவள் அப்பா. அதற்கு ஆபரேஷன் இருக்கிறது என்று மகள் சொன்னாள். அப்படியானால் பம்ப்செட்டில் கட்டலாம் என்று இவர் எழுந்தார். அவள் அப்பாவையும் ஒரு பார்வை பார்த்தாள், கொட்டாயையும் ஒரு பார்வை பார்த்தாள். அவர் திரும்ப உட்கார்ந்துவிட்டார். என்னுடைய வாயும் அவருடைய பிடிவாதமும் ஒரே ஆளில் சேர்ந்தால் இப்படித்தான்.

ஊருக்குக் கிளம்புவதற்கு முன் என்னை உட்காரவைத்துப் பாடம் எடுத்தாள். நாய்க்குட்டிக்கு மூன்று, மூன்றரை மாதம் வரைக்கும் பார்க்கிறதெல்லாம் சொந்தம். அதற்கப்புறம் புதிதாகப் பார்க்கிறதெல்லாம் சந்தேகம். அதனால் இப்போதே நூறு பேரையாவது அதற்குக் காட்டிவிட வேண்டும். நூறும் நூறு மாதிரி. கிழவர், குழந்தை, தாடி வைத்தவர், தொப்பி போட்டவர், நொண்டி நடப்பவர். யாரும் அதைத் தூக்கக்கூடாது, துரத்தக்கூடாது. அதுவாகப் போய் முகரட்டும். பயந்தால் விலகி நில், அடிக்காதே, அதட்டாதே, எல்லாவற்றையும் விளையாட்டாக்கு. மாமனார் சொன்னதற்கு நேர் தலைகீழ். அவர் இருந்திருந்தால் பேத்தியையும் சேர்த்துக் கொட்டாயில் கட்டியிருப்பார்.

ஒயர்கூடையில் ஊர்வலம்

தடுப்பூசி முழுவதும் போட்டு முடிக்கும்வரை குட்டியைத் தெருவில் இறக்கக்கூடாது என்பது உத்தரவு. அதனால் காய்கறி வாங்குகிற ஒயர்கூடையில் பழைய துண்டைப் போட்டு, மணிலாவை அதில் உட்காரவைத்து, ஊர்வலம் கிளம்பினேன். ஐம்பத்தைந்து வயதில், இடுப்பில் கூடையும் கூடைக்கு மேலே ஒரு மூக்குமாக நான் போனதைப் பார்த்து ஊரே சிரித்தது. எனக்கு அதில் லாபம்தான். சிரிக்கிற முகமாகவே குட்டி பார்த்தது.

பால் சொசைட்டிக்குப் போனோம். ரைஸ் மில்லுக்குப் போய் மிஷின் ஓடுகிற சத்தத்தைத் தூரத்திலிருந்து கேட்டுக்கொண்டே ஈரல் தின்றோம். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் அரை மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். எந்தப் பஸ்ஸிலும் ஏறாததைப் பார்த்த பூக்காரம்மா, யாரையாவது எதிர்பார்க்கிறேனா என்று விசாரித்தாள். நாய்க்கு பஸ் காட்ட வந்தேன் என்றேன். அவள் அதற்குப்பிறகு என்னிடம் பேசவில்லை.

பார்த்தவர்களையெல்லாம் தினசரிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் நம்பர் போட்டு எழுதி, சமையல்கட்டு ஆணியில் மாட்டி வைத்தேன். எதையும் பட்டியல் போட்டால்தான் எனக்குத் தூக்கம் வரும். ஒன்று, பால்காரர். நான்கு, ஹெல்மெட் கழற்றாத கொரியர் பையன். பதினேழு, குடை பிடித்த ஜோசியர். இருபத்திரண்டும் இருபத்து மூன்றும், செங்கல் சூளையில் வேலை செய்யும் வடநாட்டு ஆட்கள் இருவர். பாஷை தெரியாததால் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். மணிலாவுக்கு அவர்களை மிகவும் பிடித்தது.

சபாஷ்

குட்டி சரியாக ஒன்றைச் செய்கிற அந்த நொடியில், ஒரே ஒரு சொல்லைச் சொல்ல வேண்டும். சொன்னதும் தீனி. சொல் சின்னதாக இருக்க வேண்டும், எப்போதும் ஒரே குரலில் வர வேண்டும். என்ன சொல் என்று யோசித்து ‘சபாஷ்’ என்று வைத்தேன். பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறதா, சபாஷ். பாத்திரம் விழுந்த சத்தத்துக்கு ஓடாமல் என்னைப் பார்க்கிறதா, சபாஷ்.

“முப்பது வருசமா குடித்தனம் பண்றேன், எனக்கு ஒரு சபாஷ் கீதா?” என்று என் வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அன்றைக்கு அவர் தட்டைத் தானே கழுவி வைத்தார், சபாஷ் சொன்னேன். அதற்கப்புறம் இரண்டு நாள் கழுவினார்.

செருப்பு விளையாட்டு எனக்குப் பிடித்தது. குட்டி செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினால் துரத்தக்கூடாது. துரத்தினால் அதற்கு அதுவே விளையாட்டாகிவிடும், பிடுங்கினால் அடுத்த முறை உறுமக் கற்றுக்கொள்ளும். அதைவிட நல்லதாக ஒன்றை நீட்டி, மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்க வேண்டும். ஒரு மத்தியானம் முன்வாசல் பக்கம் மெல்லிய குரலில் பேச்சு கேட்டு எட்டிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் குந்தி உட்கார்ந்து, கையில் கருவாட்டுத் துண்டோடு, “மாத்திக்கலாமா கண்ணு, மாத்திக்கலாமா” என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருடைய கண்ணாடிக்கூடு மணிலாவின் வாயில் இருந்தது. நான் சத்தம் போடாமல் திரும்பிவிட்டேன்.

கயிறு விளையாட்டும் உண்டு. தடுப்பூசி முடிந்து தெருவில் இறக்கியபிறகு அது. கயிறு இறுகினால் நாம் நின்றுவிட வேண்டும். இழுக்கக்கூடாது, திட்டக்கூடாது. குட்டி திரும்பி வந்து கயிறு தளர்ந்தால் மறுபடி நடக்கலாம். நான்கு நாளில் மணிலா இதைக் கற்றுக்கொண்டது. கயிறு இறுகி நான் நின்றால் அது ஓடி வந்து காலடியில் உட்கார்ந்து, போகலாமா என்று என் முகத்தைப் பார்க்கும்.

பட்டியலில் தொண்ணூற்றாறு பேர் ஆகியிருந்தார்கள். நூறு ஆனதும் மகளுக்குப் போட்டோ எடுத்து அனுப்ப நினைத்திருந்தேன். அப்போதுதான் படலுக்கு வெளியே பாக்கியம் வந்து நின்றாள்.

எத்தனையாவது ஆள்?

அன்று ராத்திரிவரை பொறுக்க முடியாமல் மத்தியானமே மகளுக்கு போன் போட்டேன். எல்லாம் சொல்லிக்கொடுத்தபடி செய்தேனே, ஊரெல்லாம் கூடையில் சுமந்தேனே, தாடிக்கும் குடைக்கும் குரைக்காத குட்டி இவளைப் பார்த்து ஏன் குரைத்தது என்று பொரிந்து தள்ளினேன். கடைசியில் குட்டி மேலேயே பழியைப் போட்டேன், அது சாதிக் குணம், ராஜா மாதிரித்தான் வரும் என்று.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

“பாக்கியம்மா எத்தினியாவது ஆளும்மா?”

சின்ன வயதில் எங்கள் வீட்டில் எல்லோரையும் போல அவளும் ‘ஏ பாக்கியம்’ என்றுதான் கூப்பிடுவாள். சென்னைக்குப் போனபிறகுதான் இந்த ‘பாக்கியம்மா’.

ஆணியிலிருந்து தாள்களை எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு முதலிலிருந்து படித்தேன். மாட்டு டாக்டர் இருந்தார். கோயில் மேளக்காரர் இருந்தார். பஸ் ஸ்டாண்டு பூக்காரம்மா இருந்தாள். ஊர் பேர் தெரியாத சூளைக்காரர்கள் இருந்தார்கள். தினமும் விடிந்தால் எங்கள் கொல்லைப் படலைத் திறக்கிற பாக்கியம் இல்லை. அவளோடு வருகிற நான்கு பேரும் இல்லை. அவர்கள் தெருவிலிருந்து ஒருவர்கூட இல்லை.

வேண்டுமென்று விட்டதில்லை. அப்படி இருந்திருந்தால்கூட வருத்தம் குறைவாக இருந்திருக்கும். முன்வாசலில் குட்டி வளர்ந்தது, பின்வாசலில் பாக்கியம் வந்து போனாள். காட்ட வேண்டிய முகங்களில் அவள் முகமும் ஒன்று என்பது எனக்குத் தோன்றவே இல்லை. தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாமனார் ராஜாவுக்கு முகமே காட்டாமல் செய்த வேலையை, நான் மணிலாவுக்குத் தொண்ணூற்றாறு முகம் காட்டிச் செய்திருந்தேன்.

களை ஏறியது

மறுநாள் பாக்கியம் வரவில்லை. சொல்லி அனுப்பினேன், உடம்புக்கு முடியவில்லை என்று பதில் வந்தது. அவள் வராவிட்டால் மற்ற நான்கு பேரும் வரமாட்டார்கள். பூவெடுக்கிற மணிலாப் பயிருக்கு நடுவில் கோரைப்புல் தலைகாட்டத் தொடங்கியது. மாகறல் பக்கமிருந்து ஆள் ஏற்றிக்கொண்டு வரலாம், ஆளா இல்லை என்றார் வீட்டுக்காரர்.

என் பிரச்சினை ஆள் இல்லை. மத்தியானம் வேலை முடிந்ததும் அவள் படலுக்கு அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாகக் கால் மணி நேரம் பேசுவோம். என் பிரஷர் மாத்திரை தீர்ந்துபோவது என் வீட்டுக்காரரைவிட அவளுக்குத்தான் முதலில் தெரியும். என் அம்மா ஓரிக்கையில் செத்துப்போன சேதி வந்தபோது, கார் வரும்வரை என்னோடு மாட்டுக்கொட்டாயில் உட்கார்ந்து அழுதவள் அவள். அவள் வீட்டுக்குள்ளே வரவில்லை, நான்தான் கொட்டாய்க்குப் போனேன். அதையும் இப்போதுதான் யோசிக்கிறேன்.

இரண்டு மத்தியானம் படல் ஓரம் போய் நின்றுவிட்டுத் திரும்பினேன். பொறுக்கவில்லை.

அவளைக் கொஞ்ச நாள் தூரமாக வந்து நிற்கச் சொல்லிப் பழக்கலாமா என்று மகளிடம் கேட்டேன். “அவங்க எதுக்கும்மா வந்து நிக்கணும்? கடி வாங்கினது அவங்க. நீ குட்டிய இட்டுக்கினு போ. அவங்க இடத்துல தூரமா உக்காரு. கிட்டப் போவாத” என்றாள்.

கயிறு இறுகியது

எங்கள் தெரு முடிகிற இடத்தில் தண்ணீர் டேங்க். அதைத் தாண்டினால் காலனி. எங்கள் வாசலிலிருந்து நடந்தால் ஐந்து நிமிஷம் ஆகாது. இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முப்பது வருஷத்தில் நான் டேங்க் வரைக்கும்தான் போயிருக்கிறேன். பாக்கியத்தின் புருஷன் செத்தபோதும் மாலையை ஆள் மூலம் கொடுத்தனுப்பிவிட்டு டேங்க் அடியில்தான் நின்றேன்.

முதல் நாள் அந்த டேங்க் பக்கத்து வேப்பமரத்தடியிலேயே உட்கார்ந்தோம். குழாயடியில் பெண்கள் இருந்தார்கள். மணிலா அவர்களைப் பார்த்து உடம்பை விறைத்துக்கொண்டு நின்றது. நான் பொறுத்திருந்தேன். பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்பியது. சபாஷ். ஒரு துண்டு. திரும்ப அவர்களைப் பார்த்தது, திரும்ப என்னை. சபாஷ். குழாயடியில் ஒரே சிரிப்பு. பிள்ளைகள் ஓடி வந்தார்கள். மரம் மாதிரி அசையாமல் நிற்பவர்தான் ஜெயித்தவர் என்று அவர்களுக்கும் ஒரு விளையாட்டு வைத்தேன். ஏழெட்டு மரங்கள் மூச்சை அடக்கி நின்றன, மணிலா ஒவ்வொரு மரமாகப் போய் முகர்ந்தது.

பாக்கியம் குடத்தோடு வந்தாள். எங்களைப் பார்த்தாள். குடம் நிறைந்ததும் போய்விட்டாள்.

அடுத்தடுத்த நாட்களில் வீடு வீடாக முன்னேறுவது என்று திட்டம். மணிலாவுக்கு அது கஷ்டமாகவே இல்லை. நான்காம் நாள் வாலை ஆட்டிக்கொண்டு தெருவுக்குள்ளே நடந்தது. திடீரென்று கயிறு இறுகியது. நின்றது நான்.

முதல் வீட்டு அம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டு வந்து, புடவைத் தலைப்பால் துடைத்து, “உக்காரும்மா” என்றாள். இருக்கட்டும், இதோ கிளம்பிவிட்டேன் என்றேன். கிளம்பவும் இல்லை, உட்காரவும் இல்லை. கையை எங்கே வைப்பது, யாரைப் பார்ப்பது என்று தெரியவில்லை. ஜன்னல்களிலிருந்து கண்கள் என் மேல் இருந்தன. ஒருவரும் ஒரு சொல் தப்பாகச் சொல்லவில்லை, ஆனாலும் அடுத்த அடி எடுத்து வைக்க எனக்குக் கால் வரவில்லை.

மணிலா கற்றுக்கொடுத்தபடி திரும்பி வந்து என் காலடியில் உட்கார்ந்தது. போகலாமா என்று என் முகத்தைப் பார்த்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அன்றைக்கு அங்கிருந்தே திரும்பினோம்.

மறுநாள் இரண்டு வீடு தாண்டினோம். அதற்கு மறுநாள் இன்னும் ஒன்று. வீட்டுக்காரர் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஈரல் வேகவைக்க நான் மறந்திருந்த அன்று அவரே வேகவைத்து, துண்டு போட்டு வைத்திருந்தார்.

பாக்கியம் வீட்டு வாசற்படி

ஏழாம் நாள். பாக்கியத்தின் வீடு கடைசிக்கு முந்தைய வீடு. கிறிஸ்துமஸுக்குக் கட்டிய காகித நட்சத்திரம் வெளுத்துப்போய் வாசலில் இன்னும் தொங்கியது. அவள் நிலையருகே உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

நான் வாய் திறப்பதற்குள் அவளே, “நீ அங்கயே நில்லு. கயித்த லூஸா உடு” என்றாள்.

அப்போதுதான் கவனித்தேன். அவள் குட்டிக்கு நேராக உட்காரவில்லை, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தாள். கண்ணை அதன் மேல் வைக்கவில்லை. ஒரு கை மட்டும் விரிந்து தரையில் கிடந்தது. ஏழு நாளும் குடம் தூக்க வந்த சாக்கில் எங்களைப் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் பாடம் பண்ணியிருக்கிறாள்.

ஒரு துண்டு கேட்டாள். போட்டேன். அதைத் தன்னிடமிருந்து ஒரு கை தூரத்தில் வைத்துவிட்டு மறுபடி கீரை உருவினாள். உருவிய இலைகள் முறத்துக்கு வெளியே விழுந்தன. ராஜாவை மறந்துவிட்டு உட்கார்ந்தவள் இல்லை அவள்.

மணிலா பின்னங்கால்களை எட்ட வைத்து, கழுத்தை மட்டும் நீட்டி, துண்டை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்துவிட்டது. பாக்கியம் கூப்பிடவில்லை. இன்னொரு துண்டு வைத்தாள். மூன்றாவது முறை அது ஓடவில்லை. அவள் பாதத்தை முகர்ந்தது, மெதுவாக மேலே வந்து கெண்டைக்காலை முகர்ந்தது. தழும்பின் மேல் மூக்கை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. பாக்கியம் கண்ணை மூடிக்கொண்டாள்.

பிறகு மணிலா அவள் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்து ஒரு கீரைக் காம்பைக் கடிக்க ஆரம்பித்தது.

“சபாசு” என்றாள் பாக்கியம். கண்ணைத் திறந்தபோது அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான்.

அப்போதே கேட்டுவிட வேண்டும் என்று, “அன்னிக்கு ஊசி போட உன்னத் தனியா பஸ் ஏத்தி உட்டது தப்பு, பாக்கியம்” என்றேன். அதுவரை ஒத்திகை பார்த்தது வேறு, வந்தது இது. களைக்கு வருகிறாயா என்று கேட்கத்தான் வந்தேன். அதைக் கேட்க வாய் வரவில்லை.

அவள் எழுந்து உள்ளே போனாள். சரி, அவ்வளவுதான் என்று நினைத்தேன். மணிலாவைக் கூப்பிட்டுத் திரும்பலாமா என்று நின்றேன்.

கையில் ஒரு டம்ளர் டீயோடு வெளியே வந்தாள். என்னிடம் நீட்டவில்லை. வாசற்படியின் இந்த ஓரத்தில், எனக்குக் கை எட்டுகிற இடத்தில் வைத்தாள். வைத்துவிட்டுத் தன் இடத்துக்குப் போய், பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டு, என்னைப் பார்க்காமல் கீரையை எடுத்தாள்.

“வெச்சுட்டுத் தள்ளி உக்காந்துக்கினா அதுவே வரும். அவசரம் இல்ல” என்றாள்.

நான் மணிலாவைப் பார்த்தேன். மணிலா அவள் மடிப்பக்கம் தலையை வைத்துப் படுத்திருந்தது. அது வர வேண்டிய இடத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தேன்.

“நாளைக்கு அஞ்சு பேரும் களைக்கு வர்றோம்” என்றாள் கீரையைப் பார்த்தபடி. “முன்வாசக் கேட்டு வயியா வர்றோம். வர்ற ஆளு யாருன்னு அது பாத்துப் பழகட்டும்.”

“தொறந்து வெக்கிறேன்” என்றேன்.

டம்ளரை எடுத்தேன். இஞ்சி தட்டிப் போட்ட டீ, சர்க்கரை தூக்கல். சூடு ஆறும்வரைகூடப் பொறுக்காமல், ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன்.

பாக்கியம் திரும்பவில்லை. குட்டியின் காதைத் தடவிக்கொண்டே, அதே குரலில், எனக்குச் சொன்னாள்.

“சபாசு.”